வெண்கலத்தில் பதினாறு பெயர்

அத்தியாயம் 7

“தொடாதீங்க!”

நெவில் ஹார்ட்லென் போட்ட சத்தத்தில் வில்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“மேஜையைத்தானே தொட்டேன்? அது கூடவா கலைப்பொருள்?”

“ரமோனா டெவோ வேலை பார்த்த மேஜை. பட்டியல்ல நானூத்திப் பன்னெண்டாவது உருப்படி.”

“அப்ப நான் உக்காந்திருக்கிற ஸ்டூல்?”

“நானூத்திப் பதிமூணு. எந்திரிங்க.”

வில்மா எழுந்துகொண்டாள். “பாஸ், இன்னும் பத்து நிமிஷம் நின்னா நமக்கும் நம்பர் போட்டு ஒட்டிருவாரு.”

துப்பறிவாளர் லோர்ன் ஷியாசன் சிரிக்கவில்லை. மணி பதினொன்றேகால். மூன்று மணிக்கு ஹாலிஃபாக்ஸிலிருந்து வேன் வந்துவிடும். அது வந்துவிட்டால் இந்தப் பட்டறையில் இருக்கும் அத்தனையும் ஆவணக் காப்பகத்தின் நிலவறைக்குப் போய்விடும். அப்புறம் மந்திரி சொன்னாலும் மூடிய பெட்டி மூடியதுதான்.

கனடாவின் கேப் பிரெட்டன் தீவில், மோர்லி பே துறைமுகத்தின் பழைய மீன் கிடங்கு அது. முப்பது வருடம் ரமோனா டெவோ இங்கேதான் வரைந்தார், வார்த்தார், சிகரெட் பிடித்தார். மூழ்கிப் போன மீனவர்களுக்கு ஒரு படிக்கட்டு, ரயில் தொழிலாளர்களுக்கு ஒரு வளைவு, சுரங்கத்தில் செத்தவர்களுக்கு ஒரு சுவர் என்று தேசம் முழுக்க நினைவுச் சின்னங்கள் அவருடையவை. மார்ச் மாதம் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து காப்பகத்தின் ஆளான ஹார்ட்லென் ஒவ்வொரு ஓவியத்துக்கும், புகைப்படத்துக்கும், உடைந்த பிளாஸ்டர் விரலுக்கும் எண் போட்டு அட்டை எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஷியாசனுக்கு ஓவியமும் தெரியாது, சிற்பமும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது தெல்மா மக்லெலன். வெளியே காரில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு உட்கார்ந்திருக்கும் ஐம்பத்தொன்பது வயதுக்காரி. அடுத்த பனி விழுவதைப் பார்க்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

1974 மே பதினொன்றாம் தேதி நாலாம் நம்பர் சுரங்கம் வெடித்தபோது தெல்மாவுக்குப் பத்து வயது. செத்தவர்கள் பதினேழு பேர். நினைவுச் சுவரில் இருப்பதோ பதினாறு பெயர். விடுபட்டது அவள் அப்பா டன்கன். சுரங்கத்தில் வெடிவாயு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறவர் அவர்தான். காலை ஷிப்ட் இறங்குவதற்கு முன்னால் தனியாக உள்ளே போய், விளக்கின் சுடர் மாறுகிறதா என்று தூக்கிப் பார்த்துவிட்டு, அங்கிருக்கும் பலகையில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் எழுத வேண்டும். வாயு இருந்தால் கூடவே ஒரு பெருக்கல் குறி போட்டு, வழியை மறித்து இரண்டு கட்டைகளைக் குறுக்கே அடிக்க வேண்டும். அன்றைய தேதியோடு ஒரு பலகையும் கிடைக்கவில்லை. ஆள் தூங்கிவிட்டார், தாமதமாக ஓடி வந்து கூடவே செத்தார் என்று விசாரணைக் கமிஷன் ஃபைலை மூடியது. அதற்கப்புறம் தெல்மாவின் அம்மாவுக்கு இந்த ஊரில் ரொட்டி விற்கவும் ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் தெல்மாவின் பக்கத்தில் உட்காரவும் ஆளில்லை.

போன பிப்ரவரியில், ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து ரமோனா டெவோ அவளுக்கு மூன்று வரி எழுதினார். ‘உன் அப்பா அன்று வேலை செய்தார். சாட்சி என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லும் உரிமைதான் இல்லை.’

“அந்தச் சாட்சி முப்பத்தொண்ணாம் நம்பர் பெட்டியில இருக்கு. சரியா?” என்றார் ஷியாசன்.

ஹார்ட்லென் மூலையைப் பார்த்தார். ஆள் நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி, மேலே மெழுகு முத்திரை. அதன் மூடியில் ஒரு உறை ஒட்டியிருந்தது.

“இருக்கலாம். உறைக்குள்ள ஒரு பட்டியல் இருக்கு. அதுல உள்ளவங்கள்ல ஒருத்தர் உயிரோட இருக்கிற வரைக்கும் பெட்டியைத் திறக்கக்கூடாதுன்னு ரமோனா அம்மா எழுதி வச்சிருக்காங்க. இல்லன்னா, உயிரோட இருக்கிறவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுச் சம்மதிக்கணும். அதுக்குப் படிவம் இருக்கு.”

“யாருன்னு தெரிஞ்சாதானே கையெழுத்து வாங்க முடியும்?”

“யாருன்னு தெரிஞ்சுக்கணும்னா உறையைத் திறக்கணும்.”

“ஆஹா! பூட்டின வீட்டுச் சாவி வீட்டுக்குள்ளயே இருக்கு,” என்றாள் வில்மா.

“உறைக்கு உள்ள இருக்கிறது ரகசியம். சரி. உறைக்கு வெளிய இருக்கிறது?” என்றார் ஷியாசன்.

ஹார்ட்லென் தொண்டையைச் செருமினார். இந்தக் கேள்வி அவருடைய விதிப் புத்தகத்தில் இல்லை. “வெளிய... பார்க்கலாம். தொடாம.”

உறையின் மேல் பென்சிலால் பதினாறு கோடுகள் கிழிக்கப்பட்டிருந்தன. பதினைந்து கோடுகள் அடிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி. ஒன்று மட்டும் அடிக்கப்படாமல் நின்றது.

வில்மா குனிந்து படித்தாள். மோர்லி பேயில் காலையில் டீ குடிக்காதவர்கள்கூட உண்டு, வானொலியில் மரண அறிவிப்பு கேட்காதவர்கள் கிடையாது. வில்மா அதில் டாக்டர் பட்டமே வாங்கலாம்.

“பாஸ், பிப்ரவரி ஒம்பது, ரெண்டாயிரத்துப் பதினெட்டு. எங்க ஹில்டா பெரியம்மா செத்த நாள். அடக்கத்துல முட்டை சாண்ட்விச் மட்டும் நாலு தட்டு தின்னேன், மறக்குமா? இது ஐடா ராங்கின். இது... அந்தக் குருட்டுப் பூனை வச்சிருந்தாங்களே, அவங்க.” சட்டென்று நிமிர்ந்தாள். “எல்லாரும் நாலாம் நம்பர் விதவைங்க பாஸ்!”

“மிச்சம் இருக்கிறது யாரு?”

“மின்னி கோர்பெட். நினைவுச் சுவருக்கு நேர் எதிர் வீடு. எண்பத்திமூணு வயசு, இன்னும் விறகை அவங்களேதான் பிளக்கிறாங்க. நம்ம ரெண்டு பேரையும் புதைச்சிட்டுத்தான் போவாங்க.”

ஷியாசன் ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார். மூடுபனிக்குள் தெல்மாவின் தலை மட்டும் தெரிந்தது. கிழவியா, இவளா, யார் முந்துவார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

“விதவைங்க எதுக்கு ரகசியம் காக்கணும்?”

“கம்பெனிக்குப் பயந்துதான். யாருக்கும் தெரியாம ரமோனாகிட்ட சாட்சி சொல்லியிருப்பாங்க.”

“கம்பெனியை இழுத்து மூடி முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு வில்மா. செத்த நாய் கடிக்குமா?”

ஷியாசன் ஹார்ட்லென் பக்கம் திரும்பினார். “சுரங்கச் சுவரோட படங்கள்ல மூடாதது ஏதாவது இருந்தா காட்டுங்க.”

ஹார்ட்லென் கையுறை மாட்டிக்கொண்டு புகைப்படங்களைப் பரப்பினார். ரமோனா சிலைகளைக் கையால் பிடித்துச் செய்கிறவர் இல்லை. நிஜப் பொருளின் மேல் ரப்பரை ஊற்றி அச்சு எடுத்து, அதிலிருந்து வெண்கலம் வார்ப்பார். விதவைகள் கொடுத்த பதினாறு ஜோடி பூட்ஸ், சுரங்கத்திலிருந்து வந்த பன்னிரண்டு பலகைகள், எல்லாம் அப்படியே வெண்கலமானவை. மரத்தின் ரேகை, ஆணி ஓட்டை, உளித் தடம் ஒன்றும் தப்பாது.

வார்ப்பாலையில் எடுத்த படத்தில் சுவர் நின்றது. நடுவில் ஏழாவது பலகையின் மேல் மட்டும் ஒரு கம்பளியைப் போர்த்தியிருந்தார்கள்.

“வெண்கலத்துக்குக் குளிருமா பாஸ்?”

“நல்ல கேள்வி. ரமோனா வார்ப்பாலைக்கு எழுதின கடிதம் இருக்கா?”

இருந்தது. ‘என் சுவரில் யாராவது ஒரு துளை போட்டால் மொத்தத்தையும் மறுபடி வார்க்கச் சொல்வேன்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். பெயர்ப்பலகை சுவரில் இல்லை, பக்கத்தில் தனிக் கல்லில் என்று வரைபடமும் சொன்னது.

ஷியாசன் தொப்பியை எடுத்தார். “இப்ப பெயர்ப்பலகை எங்க இருக்கு?”

“சுவர்லதான். நட்ட நடுவுல. நாலு போல்ட்டு...” வில்மாவின் வாய் பாதியில் நின்றது.

“துளை போட்டா மொத்தத்தையும் மறுபடி வார்க்கச் சொல்வேன்னு எழுதின பொம்பளை, தன் சுவர்ல தானே நாலு துளை போட்டிருக்கா. அழகுக்காகப் போட்டிருக்க மாட்டா. மறைக்கத்தான். படிவத்தைக் கொடுங்க ஹார்ட்லென்.”

*

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் நினைவு தினம் என்பதால் சுவரைச் சுற்றிப் புல் வெட்டியிருந்தார்கள். பதினாறு ஜோடி வெண்கல பூட்ஸ்களிலும் மழைத்தண்ணீர் நிறைந்திருந்தது. தெல்மா ஆக்ஸிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஊருக்குத் திரும்பி வந்த இந்த ஒரு வாரமும் அவள் இங்கேதான் வந்து உட்காருகிறாள்.

போல்ட்டுகளின் தலை சதுரம். சுரங்க ரயில்பாதையில் போடுகிற பழைய ரகம். வில்மாவின் கார் டிக்கியில் இருந்த எந்த ஸ்பேனரும் அதைக் கவ்வவில்லை.

“எதிர் வீட்டுல கேட்டு வா. நாளைக்கு விழா, பலகையைத் துடைக்கணும்னு சொல்லு. ஒரு ஸ்பேனர் வேணும்னு மட்டும் கேளு, வேற ஒண்ணும் பேசாதே.”

“வேற ஒண்ணும் பேசாமயா? நானா?” என்று கேட்டபடியே வில்மா ஓடினாள்.

ஐந்து நிமிடத்தில் திரும்பினாள். பின்னாலேயே மின்னி கோர்பெட்டும் வந்தார். ஆண்கள் போடுகிற மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், நேரான முதுகு. தெல்மா இருந்த பக்கம் அவர் கண் போகவே இல்லை.

“பலகையை நான்தான் சனிக்கிழமை சனிக்கிழமை துடைக்கிறேன். உங்களை யாரு துடைக்கச் சொன்னது?” என்றபடியே கையிலிருந்ததை நீட்டினார்.

ஷியாசன் வாங்கி முதல் போல்ட்டில் வைத்தார். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது.

அவர் திருகவில்லை. “வில்மா, என்ன ஸ்பேனர்னு கேட்ட?”

“சும்மா ஸ்பேனர்னுதான் பாஸ் கேட்டேன்.”

“எந்த அளவுன்னு சொன்னியா?”

“இல்ல. டீத்துணி வைக்கிற டிராயரைத் திறந்தாங்க, எடுத்தாங்க, வந்துட்டாங்க.”

“இந்தச் சதுர ஸ்பேனரை வச்சு இந்த ஊர்ல வேற ஒரு போல்ட்டையும் கழட்ட முடியாது, மிஸஸ் கோர்பெட். எண்ணெய் வேற இப்பதான் போட்டிருக்கு.”

“என் வீட்டுக்காரரோடது.”

“அவர் செத்தது எழுபத்திநாலுல. இந்தப் பலகையை மாட்டினது தொண்ணூத்தாறுல.”

துறைமுகத்தில் மூடுபனிச் சங்கு ஊதி ஓய்ந்தது.

“ஒவ்வொரு மே மாசமும் எண்ணெய் போடுவேன், இந்த வருஷம் கழட்டிருவோம்னு. கழட்டினதே இல்ல,” என்றார் மின்னி. பிறகு கையை நீட்டினார். “கொடு தம்பி. மாட்டின அன்னிக்கு இறுக்கினவ நான். நானே கழட்டறேன்.”

வில்மா பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு போல்ட்டாக வந்தது. பதினாறு பெயரும் புல்லில் சாய்ந்தன. இருபத்தேழு வருடம் வெயில் படாத ஏழாவது பலகையின் வெண்கலம் உள்ளே இளம் பழுப்பாக இருந்தது. அதில் கத்தியால் ஆழமாகக் கீறிய எழுத்துகள்: டி.எம். மே 11. அதன் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெருக்கல் குறி.

“அன்னிக்கு மரப் பலகை ஈரமா இருந்திருக்கு, சுண்ணக்கட்டி ஒட்டல. அதனால கத்தியால கீறியிருக்காரு,” என்றார் ஷியாசன் மெதுவாக.

தெல்மா எழுந்து வந்தாள். நான்கு எட்டு வைப்பதற்குள் இரண்டு தடவை நின்றாள். கீறல்களின் மேல் விரலை வைத்தவள் எடுக்கவில்லை.

“அப்பா வேலைக்குப் போயிருக்காரு,” என்றாள். “அம்மாகிட்ட... யாராவது... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

வில்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “கம்பெனிக்காரப் பாவிங்க! அசல் மரப் பலகையை அவங்கதானே ஒளிச்சு வச்சாங்க?”

“இல்ல கண்ணு,” என்றார் மின்னி. “உங்க ஹில்டா பெரியம்மா வீட்டுக் கோழிக்கூண்டுல இருந்துச்சு. எழுத்து அடிப்பக்கமா இருக்கிற மாதிரி தரையில ஆணி அடிச்சு வச்சிருந்தோம்.”

வில்மா ஓர் அடி பின்னால் வைத்தாள். சின்ன வயசில் அந்தக் கூண்டுக்குள் தவழ்ந்து முட்டை பொறுக்கியவள் அவள்.

“என் வீட்டுக்காரர்தான் அன்னிக்கு ஷிப்ட் மேஸ்திரி,” கிழவியின் குரல் ஒரே சீராக இருந்தது. இத்தனை வருடமும் தனக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். “வெடிச்சப்புறம் ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில உயிரோட இருந்தாரு. என்கிட்ட மட்டும் சொன்னாரு. டன்கன் குறி போட்டு, ரெண்டு கட்டையைக் குறுக்கே அடிச்சிருந்தாரு. அந்த வாரம் ரெண்டு ஷிப்ட் ஏற்கெனவே வீணாப் போச்சு. ‘இவனுக்கு எப்பவும் பயம்தான்’னு சொல்லி கட்டையை உதைச்சுத் தள்ளினது என் ஆளு. பசங்க பின்னாலேயே போனாங்க. விஷயம் தெரிஞ்சு அவங்களைத் திரும்பக் கூப்பிடத்தான் டன்கன் உள்ள ஓடினாரு.”

மழை கொஞ்சம் வலுத்தது.

“விதியை மீறி உள்ள போனவன் குடும்பத்துக்குக் கம்பெனி ஒண்ணும் தராது. எங்க பதினாறு பேருக்கும் சேர்த்து நாப்பத்தொரு பிள்ளைங்க. மாதா கோயில் நிலவறையில உக்காந்து பேசினோம். பலகையை வெளிய கொண்டாந்தவன் ஹில்டாவோட தம்பி, அவன் வாயையும் கட்டினோம். பழியைச் சுமக்க ஒரு வீடு போதும்னு முடிவு பண்ணோம்.” முதல் முறையாகத் தெல்மாவைப் பார்த்தார். “அது உங்க வீடு.”

“ரமோனா எப்படி இதுக்கு ஒத்துக்கிட்டாங்க?” என்றார் ஷியாசன்.

“ஒத்துக்கல. சுவருக்குப் பலகை தேடி அலைஞ்சப்ப அந்தக் கூண்டுல இதைப் பிடுங்கி எடுத்துட்டா. எரிச்சிரும்மான்னு காலைப் பிடிச்சோம். எரிக்க மாட்டேன், வார்ப்பேன்னா. சண்டை ஒரு வருஷம் நடந்துச்சு. கடைசியில, மூடி வைக்கிறேன், உங்கள்ல கடைசி ஆள் போனதும் திறக்கட்டும்னா. ஊரு ரமோனாவைப் பெரிய மனுஷின்னு கொண்டாடுது. அவளுக்கும் தைரியம் அவ்வளவுதான்.”

இந்த வழக்கில் ஷியாசன் கம்பெனி அதிகாரிகளைத் தேடினார், காணாமல் போன கோப்புகளைத் தேடினார், ஒரு கொலையைக்கூட எதிர்பார்த்தார். கடைசியில் கிடைத்தது மழைக்கோட்டு போட்ட ஒரு கிழவி. கைவிலங்கு மாட்ட முடியாத குற்றம்.

“வெண்கலத்துல இருக்கிறதை மட்டும் காட்டினா, ரமோனாவோட கற்பனைன்னு ஊரு சொல்லிரும். அசல் பலகை பெட்டியில இருக்கு. மூணு மணிக்கு வேன் வந்துரும். நீங்க கையெழுத்துப் போட்டா இன்னிக்கே திறக்கலாம்,” என்று படிவத்தையும் பேனாவையும் நீட்டினார்.

மின்னி பேனாவை வாங்கிக்கொண்டார். ஆனால் எழுதவில்லை. “தெல்மா, நான் உன்கிட்ட மன்னிப்பு...”

“கேக்காதீங்க.” தெல்மா மூச்சுக்குத் தவித்தாள். கை மட்டும் இன்னும் எழுத்தின் மேலேயே இருந்தது. “கேட்டா, இல்லன்னு சொல்வேன். எங்கம்மா செத்தப்ப சவப்பெட்டியைத் தூக்க நாலு ஆள் வரல. நானும் எங்க மாமாவும் தள்ளுவண்டியில வச்சுக் கொண்டு போனோம். கையெழுத்துப் போடுங்க.”

கிழவி வில்மாவின் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். வில்மா அசையாமல் நின்றாள். அவள் கன்னத்தில் வழிந்தது மழையா என்று ஷியாசன் கேட்கவில்லை. தாளை வாங்கி மடித்து, நனையாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். மணி ஒன்று நாற்பது.

அப்போது ஒரு நீல நிற டிரக் சுவரோரம் வந்து நின்றது. பின்னால் மறுநாள் விழாவுக்கான மலர் வளையங்கள். ஓட்டி வந்தவனுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், தீயணைப்புத் தொண்டர்களின் தொப்பி போட்டிருந்தான். ஜன்னலை இறக்கிவிட்டுச் சிரித்தான்.

“அம்மா! மழையில என்ன பண்றீங்க? பலகையை யாரு கழட்டினது? நாளைக்கு நான் பேரு வாசிக்கணும்ல?”

“என் மகன் ரஸ்ஸல்,” என்றார் மின்னி, யாரையும் பார்க்காமல். “அப்பா போனப்ப மூணு வயசு. பதினெட்டு வயசுலேருந்து வருஷா வருஷம் இவன்தான் பேரு வாசிக்கிறான். அப்பா பேரு வரும்போது குரல் உடைஞ்சிரும்.”

“நாங்க சொல்லணுமா?” என்றார் ஷியாசன் தணிந்த குரலில்.

“வேணாம்.” கிழவி மழைக்கோட்டின் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டார். ஈரப் புல்லில் வழுக்காமல் ஒவ்வொரு அடியாக வைத்து டிரக்கை நோக்கி நடந்தார். பாதி வழியில் கால் தடுமாறியது. வில்மா தாங்கப் போனாள், கையை உதறிவிட்டார்.

“என்னம்மா? முகம் ஏன் இப்படி இருக்கு?” ரஸ்ஸலின் சிரிப்பு குறைந்தது.

“இஞ்சினை நிறுத்துடா. கீழே இறங்கு,” என்றார் மின்னி. “உங்கப்பா சாகறதுக்கு முன்னால என்கிட்ட ஒண்ணு சொன்னாரு.”